சுத்தாத ஸ்பின்னிங்

தொண்ணூறுகளின் கடைசியில் நான் பெங்களூரில் ஆராய்ச்சி மாணவி. சிலிக்கானுக்குள் ஒற்றை எலக்ட்ரானைப் பிடித்துவைத்து, அதன் ஸ்பின்னை நினைத்தபடி திருப்ப முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ராஜபாளையத்தில் அப்பா நூல் நூற்கும் ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டர். "எம்மகளும் ஸ்பின்னிங்லதான் இருக்கா" என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

ஒருமுறை லீவில் போனபோது கேட்டார்: "ஏட்டி, ஒன் எலக்ட்ரான் எம்புட்டு ஸ்பீடுல சுத்துது?"

"அது சுத்தாதுப்பா. பேருதான் ஸ்பின்."

"சுத்தாததுக்கு எதுக்கு அந்தப் பேரு?"

எனக்குச் சுள்ளென்று வந்தது. "ஒங்களுக்குப் புரியாது" என்றேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

அவர் செத்த அன்று எனக்கு அழுகை வரவில்லை. வாசலில் சேர்களை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தேன். அவரோடு வேலைபார்த்த சேத்தூர்க்காரர் ஒருவர் பக்கத்தில் வந்தார்.

"சுத்தாமலே ஸ்பின்னிங் பண்ணுதா எம்மகள்னு ஷிப்டுக்கு ஷிப்டு சொல்லுவாரு. அதெப்படித் தாயி?"

சொன்னேன். எலக்ட்ரான் ஒரு பொடிக் காந்தம் மாதிரி. சுற்றாமலே அதற்கு இருக்கும் அந்தக் குணத்துக்குத்தான் ஸ்பின் என்று பேர். மேலே பார்த்து நிற்பதை, அதற்கேற்ற மைக்ரோவேவ் அலையை அளந்த நேரம் கொடுத்தால் கீழே திருப்பலாம். நேரம் கொஞ்சம் கூடிப்போனால் கீழே நிற்காமல் தாண்டிவிடும்.

"அம்புட்டுத்தானா?" என்றார்.

"அம்புட்டுத்தான்" என்றேன்.