உரியவர் கையில் மட்டும்

காரைக்குடி செக்காலை ரோட்டில் இருக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் பதினோரு வருடமாக வரவேற்பு மேஜையில் இருப்பவர் அக்கம்மாள். சொந்த ஊர் கண்டரமாணிக்கம். இங்கே சேர்வதற்கு முன்பு, கல்யாணமாகி மூன்று வருடமாகியும் குழந்தை இல்லையென்று வேறொரு லேபில் பரிசோதனை செய்துகொண்டார். கவுண்டரில் இருந்தவர் முடிவைச் சத்தமாகப் படித்துவிட்டார். அக்கம்மாள் பஸ்ஸைவிட்டு இறங்கி வீடு சேர்வதற்குள் மாமியாருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அன்றைக்கு வாசலில் கேட்ட பேச்சை அவர் இன்றுவரை யாரிடமும் திருப்பிச் சொன்னதில்லை.

இந்த லேபில் சேர்ந்தபோது ரிப்போர்ட்டுகள் மேஜைமேல் ஒரு பிளாஸ்டிக் தட்டில் கிடந்தன. வருகிறவர்கள் புரட்டித் தங்களுடையதை எடுத்துக்கொள்வார்கள். அப்படியே அடுத்தவருக்குச் சர்க்கரை எவ்வளவு, யார் வீட்டில் கர்ப்பம் என்பதையும் பார்த்துவிடுவார்கள். முதல் வாரமே அக்கம்மாள் அந்தத் தட்டைத் தூக்கி உள்ளே வைத்தார். ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் உறையில் போட்டு ஒட்டினார். பெயரைச் சொல்லாமல் டோக்கன் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"எதுக்கும்மா இம்புட்டு வேலை?" என்று உரிமையாளர் பாண்டீஸ்வரன் சலித்துக்கொண்டார். ஆனால் தடுக்கவில்லை.

போன ஆவணியில் ஜவுளிக்கடை முருகப்பன் வந்தார். அவர் மகனுக்குப் பேசி முடித்திருந்த பெண் சுபா. அவள் இந்த லேபுக்கு வந்துபோனதை யாரோ பார்த்து அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

"அந்தப் பிள்ளைக்கு என்ன டெஸ்ட் எடுத்தீக? ஒரு பார்வை பாத்துட்டுக் குடுத்துர்றேன்."

"யாரு வந்தாக, யாரு வரலைங்கிறதையே நான் சொல்ல மாட்டேன், ஐயா."

முருகப்பன் நேராக உரிமையாளர் அறைக்குப் போனார். பாண்டீஸ்வரன் அக்கம்மாளையும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ஐயா நமக்கு வேண்டியவுக. காட்டிரும்மா."

அக்கம்மாள் அவரை நேராகப் பார்த்தார். "காட்டணும்னா நீங்களே காட்டுங்க சார். நான் இப்பவே வேலைய விட்டுட்டுப் போயிர்றேன்."

பிறகு முருகப்பன் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "போன மாசம் ஒருத்தர் வந்து உங்க ரிப்போர்ட்டக் கேட்டாக, ஐயா. அவுகளுக்கும் இதே பதிலத்தான் சொன்னேன்."

முருகப்பனுக்கு முகம் வெளிறிவிட்டது. அவரும் இதே லேபில் ஒரு பரிசோதனை செய்திருந்தார்; அதைப் பற்றி வீட்டில்கூட வாய் திறந்ததில்லை.

"யாரு கேட்டது?"

"அதையும் சொல்ல மாட்டேன்."

முருகப்பன் நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். "நல்லாயிரு தாயி," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியேறினார்.

மறுநாள் பாண்டீஸ்வரனே ஆள் வரவழைத்துக் கம்ப்யூட்டருக்குப் கடவுச்சொல் வைத்தார். ரிப்போர்ட் அறைக்குள் செல்போன் கொண்டுவரக் கூடாது என்றார். 'ரிப்போர்ட் உரியவர் கையில் மட்டும்' என்று பெரிய எழுத்தில் பலகை எழுதி மாட்டினார்.

தை மாதம் சுபாவுக்கும் முருகப்பன் மகனுக்கும் கல்யாணம் நடந்தது. அவள் எதற்காக ரத்தம் கொடுத்தாள் என்பது அவளுக்கும் டாக்டருக்கும் அந்த லேபுக்கும் மட்டுமே தெரியும்.

ஊர்க் கண்ணுக்குப் பயந்து மதுரைவரை போய்ப் பரிசோதனை செய்துகொண்டிருந்த பெண்கள், ஒக்கூரிலிருந்தும் கீழச்சிவல்பட்டியிலிருந்தும் இங்கே வரத் தொடங்கினார்கள். ஒரு திங்கட்கிழமை காலை, முக்காட்டை விலக்கியபடி ஒரு பெண் மேஜையருகே குனிந்தாள்.

"இங்க குடுத்தா வெளிய போகாதுன்னாக. அதேன் வந்தேன்."

"போகாதும்மா. உக்காருங்க," என்றார் அக்கம்மாள். டோக்கனை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அன்றைக்கு மதியத்துக்குள், அவர் வேலை பார்த்த வருடங்களிலேயே முதல்முறையாக, டோக்கன் நூறைத் தாண்டியது.