சத்தம் போடாத வாத்துகள்

இதையெல்லாம் எழுத நான் யார் என்று முதலில் தயக்கமாக இருந்தது. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நாலு பேர் சேர்ந்து நின்றால் அங்கே வாயைத் திறக்கக்கூடக் கூச்சப்படுவேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஐப்பசி மாதம், களமருதூர் பக்கம் எங்கள் ஊரில் ஆரம்பித்த கதை இது. மூச்சிரைப்பு வந்ததிலிருந்து நான் களையெடுக்கப் போக முடிவதில்லை. வீட்டில் வெறுமனே உட்கார்ந்திருப்பது பெரிய பாரமாக இருந்தது. பின்பக்கம் வாய்க்கால் இருக்கிறது, அதைத் தாண்டினால் நெல் வயல். பத்து வாத்து வளர்த்தால் முட்டை விற்கலாமே என்று தோன்றியது. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டும் என் வீட்டுக்காரரும் சரி என்றார்.

பக்கத்து வீட்டு அண்ணியின் மகள் அப்போதுதான் பிரசவமாகி வந்திருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம்தான் குழந்தையின் தொட்டில். "வாத்து வளக்கிறது உன் இஷ்டம். ஆனா கொழந்த முழிச்சிக்கினு அழுதுச்சின்னா, வாத்தக் கொழம்பு வச்சிடுவேன் பாத்துக்கோ" என்று அண்ணி சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் விளையாட்டாகச் சொன்னது என் மனதில் அப்படியே தங்கிவிட்டது.

எந்த வாத்து வாங்கலாம் என்று முன்பே விசாரித்திருந்தேன். வெள்ளை பெக்கின் கறிக்குத்தான் சரி, உடம்பு கனம், மேய்ச்சலுக்குத் தூரம் நடக்காது. மணிலா வாத்து நன்றாக அடை உட்காரும், முட்டை குறைவு. முட்டைக்கென்றால் காக்கி கேம்பல். அதனால் கள்ளக்குறிச்சி பக்கம் ஒரு பண்ணைக்குப் போய், இரண்டு மூன்று மாதம் வளர்ந்த காக்கி வாத்துகளைக் கேட்டேன். பண்ணைக்காரர் தீவன மூட்டை இறக்கும் அவசரத்தில் இருந்தார். "நீங்களே பொறுக்கிக்குங்க" என்று அடைப்பைத் திறந்துவிட்டார்.

ஏதாவது கேட்டிருக்கலாம். கேட்க வெட்கமாக இருந்தது. அண்ணி வீட்டுக் குழந்தையை நினைத்துக்கொண்டு, அடைப்புக்குள் நின்று காதைத் தீட்டினேன். உரக்கக் கத்திய வாத்துகளை எல்லாம் ஒதுக்கினேன். தொண்டை கட்டியது போல் மெல்ல முனகியவற்றை மட்டும் பிடித்துக் கூடையில் போட்டேன். பண்ணைக்காரர் எட்டிப் பார்த்து, "தெரிஞ்சிதான் எடுத்தீங்களா?" என்றார். "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தவிடும் நத்தையும் போட்டு வளர்த்தேன். கழுத்து கருத்துப் பளபளத்தது. வால் மேல் இறகு அழகாகச் சுருண்டு நின்றது. நல்ல ஜாதி வாத்து என்று பெருமைப்பட்டேன். மூலையில் வைக்கோல் பரப்பி, தினமும் காலையில் துழாவிப் பார்ப்பேன். பொங்கல் போய், மாசியும் வந்துவிட்டது. ஒரு முட்டைகூட இல்லை.

வீட்டுக்காரர் போனில் சொன்னார்: "இன்னாம்மா, தின்னுதுங்களே தவிர ஒண்ணும் காணோம். ஞாயித்துக்கெழம கறிக்கடைக்காரர வரச் சொல்லிட்டேன்." வாத்துகள் போய்விட்டால், நான் மறுபடியும் எதற்கும் உதவாதவளாக உட்கார வேண்டியதுதான் என்று அழுகை வந்தது.

சனிக்கிழமை, அறுவடை முடிந்த பின்வயலில் வாத்து மந்தை ஒன்று மேய்ச்சலுக்கு இறங்கியது. ஆரணிப் பக்கத்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும் ஓட்டி வந்திருந்தார்கள். அந்தப் பெண் தண்ணீர் கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். சொம்பை வாங்கியவள் என் வாத்துகளையும் மூலையில் இருந்த வைக்கோலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னாத்துக்கு யக்கா வைக்கோலு?"

"முட்டைக்குத்தான். இன்னும் வைக்கல."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அய்யோ யக்கா! அத்தினியும் மாப்பிள்ளையா கூட்டியாந்து வச்சிக்கினு முட்டைக்குக் காத்துக்கினு இருக்கீங்களே!"

"இன்னா அங்க சிரிப்பு?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணியின் குரல் வந்தது. அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு சட்டென்று நின்றது. "ஒண்ணுமில்லீங்க, வாத்து என் காலக் கடிச்சிடுச்சி" என்று அண்ணிக்குக் குரல் கொடுத்துவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பெட்டைதான் உரக்கக் கத்தும், ஆண் வாத்துக்குக் குரல் எழும்பாது, வால் இறகு சுருள்வதும் ஆணுக்குத்தான் என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். சத்தம் வேண்டாம் என்று நானே பார்த்துப் பார்த்துப் பெட்டைகளை ஒதுக்கியிருக்கிறேன்! முன்பின் தெரியாத அவளிடம் குழந்தை, கறிக்கடைக்காரர், மூச்சிரைப்பு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் சொம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

சாயங்காலம் கணவனோடு வந்தாள். கூடையில் ஆறு பெட்டைகள். "எங்க மந்தையில ஆம்பளைங்க எல்லாம் ஒரே வம்சம் யக்கா, குஞ்சு வலுவா வர்ல. ரெண்ட மட்டும் வச்சிக்கினு மிச்சத்த எனக்குக் குடுங்க."

"நம்மகிட்ட இருக்கிற ஆம்பளையவே தள்ள முடியல, முட்டை வைக்கிறதக் குடுத்துட்டு..." என்று கணவன் இழுத்தான்.

"நீ சும்மா இருய்யா. எனக்குத் தெரியும்."

அவள் சொன்ன காரணம் எனக்காகச் சொன்ன சாக்கு என்று எனக்கும் அப்போது புரிந்தது.

"இதுங்க எங்கூரு வாத்து. காக்கி அளவுக்கு வைக்காது, ஆனா தூரமா போயி நல்லா மேயும். வெடிஞ்சதும் தொறந்து வுடாதீங்க, வாய்க்கால்லயே வச்சிட்டு வந்துடும். எடம் மாறுனதுல கொஞ்ச நாளு வைக்காது, பயப்படாதீங்க."

"கத்துமே?"

"முட்டைக்காரி கத்தாம இருப்பாளா? நாலு நாள்ல அந்தக் கொழந்த இந்தச் சத்தம் இல்லன்னா தூங்காது, பாருங்க."

அவர்கள் கிளம்பும்போது என் வீட்டுக்காரர் வந்துவிட்டார். அவளே முந்திக்கொண்டாள். "அண்ணா, உங்க வூட்டம்மா ஆம்பள வாத்தா பொறுக்கி நல்லா வளத்திருந்தாங்க. நான்தான் கெஞ்சி மாத்திக்கினேன்." அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் ஒரு மரியாதை இருந்தது. பிறகு நானே அவரிடம் உண்மையைச் சொன்னேன். அவரும் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்கு வலிக்கவில்லை.

உதவி செய்தவளே உதவி வாங்கியவள் போல் பேசிவிட்டுப் போனாள். இப்போதும் யாராவது தெரியாமல் ஒரு தவறு செய்துவிட்டு விழித்தால், நான் முதலில் என் குரலைத் தாழ்த்திக்கொள்கிறேன். அது அவளிடம் கற்றது.

மறுநாள் கறிக்கடைக்காரர் வந்தார். என் வீட்டுக்காரர் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, வாத்து கொடுப்பதாக இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். அன்றும் வைக்கோலில் முட்டை ஒன்றும் இல்லை; கொஞ்ச நாள் வைக்காது என்று அவள் சொல்லியிருந்ததால் நான் பயப்படவில்லை.