வாளுக்குப் புள்ளி போடாத மதினி

தீப்பெட்டி லேபிள் அச்சடித்துப் பாழான தாள்களின் பின்பக்கம்தான் மதினிக்கு நோட்டு. முன்பக்கத்தில் மை விலகி, இரண்டு தலையாகிப் போன மயில்கள் வரிசை வரிசையாக நிற்கும். பின்பக்கத்தில் மதினியின் குண்டு எழுத்தில் 'பேச்சு 14, கேள்வி 12, நடை 9, சுமை 8, மூலிகை 7, வாள் 0' என்று இருக்கும். அந்தப் பூச்சியத்தை மட்டும் இரண்டு தடவை சுழித்திருப்பாள்.

மதினி என் அண்ணன் மனைவி, நாகலாபுரத்துக்காரி. கோவில்பட்டியில் ஒரு அச்சகத்தின் மாடியில் நான்கு கம்ப்யூட்டர்கள் போட்டு அண்ணன் பிரவுசிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்தான். இரண்டாயிரங்களின் தொடக்கம். அவன் தங்கச்சி நான், படிப்பை முடித்துவிட்டு வேலை இல்லாமல் வீட்டில் இருந்தேன். மதியம் அண்ணன் சாப்பிட்டுக் கண்ணயரும் இரண்டு மணி நேரம் நானும் மதினியும் சென்டரைப் பார்த்துக்கொள்வோம். அந்த வெயிலில் எந்த மனுஷன் வருவான்? கீழே அச்சு இயந்திரம் ஒரே தாளத்தில் ஓடும். ஜன்னலுக்கு வெளியே தார்ச்சாலை உருகி நெளியும். உள்ளே கம்ப்யூட்டர் திரையில் பனி பெய்துகொண்டிருக்கும். பாதி தூக்கத்தில் இருக்கிற மாதிரியே இருக்கும் எனக்கு. எது கோவில்பட்டி, எது அந்தப் பனிக்காடு என்று சில மதியங்களில் நிஜமாகவே தெரியாது.

யாரோ விட்டுவிட்டுப் போன சிடியில் இருந்த விளையாட்டு அது. மந்திரவாதிகள், கோட்டைகள், ஓநாய்கள் நிறைந்த ஒரு தேசம். தொடங்கும்போது ஐம்பது புள்ளிகள் கொடுப்பார்கள். வாள், மந்திரம், பேச்சு, நடை என்று அவற்றைப் பிரித்துப் போட்டு நமக்கென்று ஒரு ஆளை உருவாக்க வேண்டும். ஏதாவது ஒன்றில் கொட்டினால்தான் பிழைக்கலாம் என்பது விளையாடுகிற எல்லோருக்கும் தெரியும். மதினிக்கு மட்டும் தெரியாது. சொன்னாலும் கேட்க மாட்டாள். மழை வரவழைக்கிற ஒரே ஒரு மந்திரம் மட்டும் தெரிந்த கிழவனை உருவாக்கினாள். அவன் முதல் பாலத்திலேயே செத்தான். அதற்கடுத்து, கண் தெரியாத, ஆனால் ஒரு மைல் தூரத்துச் சத்தம் கேட்கிற திருடன். அவன் கொஞ்ச தூரம் போனான்.

"ஏன் மதினி இப்படிச் சிதறப் போடுதீங்க? எல்லாத்தையும் வாள்ல போடுங்க, ஒரே வெட்டு" என்பேன்.

"போ ட்டி. எங்க காட்டுல பருத்திய மட்டுமா வெதைப்போம்? ஊடால உளுந்து, பாசி, தட்டாங்காய்னு எல்லாந்தான் போடுவோம். எந்த மழ எதுக்குப் பெய்யும்னு ஆருக்குத் தெரியும்?" என்பாள். ஆனால் வாளுக்கு மட்டும் அவள் ஒரு புள்ளியும் விதைக்கவில்லை.

அப்படி உருவானவள்தான் அந்தப் பெண். பெயர் வைக்கிற இடத்தில் மதினி எதுவும் எழுதவில்லை. உப்பு மூட்டை சுமந்தாள், பச்சிலை பறித்தாள், அடித்துக்கொள்கிற இரண்டு ஊர்களுக்கு நடுவே நின்று பேசினாள். ஓநாய் வந்தால் கருவாட்டை எறிந்துவிட்டு ஓடினாள். திரையில் வருகிற இங்கிலீஷை நான் வாசித்துத் தமிழில் சொல்லுவேன்; மதினி யோசித்து, என்ன பதில் சொல்லலாம் என்று தேர்ந்தெடுப்பாள். ஒரு பதிலுக்குக் கால் மணி நேரம்கூட ஆகும். ஒரு வருஷத்தில் அந்தப் பெண் யாரையும் அடிக்காமல் கடைசிக் கோட்டைக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள். சென்டருக்கு வரும் பையன்கள் சிரிப்பார்கள். "அக்கா, கோட்டை வாசல்ல நிக்கிற கதவுக்காரன் வெட்டாம விடமாட்டான்" என்பார்கள்.

ஒரு நாள் மதினி எனக்கு மட்டும் ஒன்று சொன்னாள். ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பம் வாங்கி, பீரோவில் சேலைக்கு அடியில் வைத்திருக்கிறாள். அண்ணனிடம் கேட்க வாய் வரவில்லை. எங்கள் பக்கத்தில் பெரிய காரியத்துக்குப் பூக்கட்டிப் பார்ப்பார்கள். சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுத்துப் பார்ப்பது. வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம். மதினி அந்தக் கோட்டைக் கதவைப் பூவாக வைத்துவிட்டாள்.

"அவ அடிக்காம, பேசியே உள்ள போயிட்டான்னு வையி, நானும் ஒங்கண்ணங்கிட்ட வாயத் தொறந்து கேட்டுருதேன். போவலேன்னா, விட்டுருதேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அன்றைக்கு அதற்கு மேல் விளையாடவில்லை.

அந்த வாரமே அவள் அப்பாவுக்கு உடம்பு சுகமில்லை என்று நாகலாபுரம் போனாள். அண்ணன், ஞாயிற்றுக்கிழமை எல்லா கம்ப்யூட்டரையும் ஃபார்மட் செய்து, இருப்பதையெல்லாம் அழிக்கப் போவதாகச் சொன்னான். மதினி வருவது சனிக்கிழமை. ஒரே மதியத்தில் அந்தப் பெண் பேசிப் பேசி எப்படி உள்ளே போவாள்? பையன்கள் சொன்ன மாதிரி கதவுக்காரன் வெட்டிவிட்டால்? மதினி வாயே திறக்காமல் போய்விடுவாளே!

கோட்டைக்கு முன்னால் ஒரு ஊற்று இருந்தது. அதில் ஒரே ஒரு தடவை குளிக்கலாம். குளித்தால் பழைய புள்ளிகள் எல்லாம் கரைந்து, புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். நான் அந்தப் பெண்ணைக் குளிக்க வைத்தேன். எல்லாவற்றையும் வாளில் போட்டேன். அந்த விளையாட்டில் ஒரு ஆளுக்கு ஒரே சேமிப்புத்தான். பழையதை அழித்துப் புதியதைச் சேமித்தேன். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூவையே கட்டி வைக்கிற ஆள் மாதிரி, அவ்வளவு பிரியத்தோடுதான் செய்தேன். எவ்வளவு பெரிய மட்டி நான்!

சனிக்கிழமை மதினி வந்து உட்கார்ந்தாள். திரையில் அந்தப் பெண் வாளோடு நின்றாள்.

"இனி ஜெயிச்சிரலாம் மதினி" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கதவுக்காரன் முன்னால் போய் நின்றாள். பேசுவதற்கு வரிசையாகப் பதில்கள் வர வேண்டிய இடத்தில், வாளை உருவு என்ற ஒன்றுதான் வந்தது. அதை அழுத்தினாள். அரை மணி நேரத்தில் கோட்டை முழுக்க விழுந்துவிட்டது. பையன்கள் கை தட்டினார்கள்.

"நல்லாருக்குட்டி" என்று சொல்லிவிட்டு எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள். ஞாயிற்றுக்கிழமை எல்லாம் அழிந்தது. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வந்து போனது. அண்ணன் கெட்டவன் இல்லை. கேட்டிருந்தால் சரி என்றுகூடச் சொல்லியிருப்பான். அவள் கேட்கவே இல்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுக்கத் துணிச்சல் இல்லை என்பதுதான் நிஜம்.

இப்போது சென்னையில், விளையாட்டுகளை விளையாடிப் பார்த்துப் பிழை சொல்கிற வேலை எனக்கு. அந்தப் பழைய விளையாட்டு போன மாதம் இணையத்தில் கிடைத்தது. மதினியின் எண்கள் எனக்கு மனப்பாடம். பேச்சு பதினாலு, வாள் பூச்சியம். லீவு நாட்களின் மதியங்களில் விளையாடினேன். உப்பு சுமந்தேன், கருவாடு எறிந்தேன், மதினி சொல்லியிருக்கக்கூடிய பதில்களையே சொன்னேன். மூன்றாவது வாரம் கதவுக்காரன் முன்னால் நின்றேன். அவனிடம் சொல்ல ஆறு பதில்கள் வந்தன. நான்காவதை அழுத்தினேன். கதவு திறந்தது.

உடனே மதினிக்குப் போன் போட்டேன். ஊற்றில் குளிக்க வைத்ததிலிருந்து எல்லாவற்றையும் சொல்லி, மன்னிப்பும் கேட்டேன். இன்று கதவு திறந்ததையும் சொன்னேன்.

மறுமுனையில் குக்கர் விசில் இரண்டு அடித்தது.

"இத எதுக்குட்டி இப்ப சொல்லுத?" என்றாள். "நீ மாத்திப்போட்டது அன்னைக்கே தெரியும். நீ மாத்தலேன்னாலும் அந்தக் கதவு தொறந்திருக்காதுன்னு நெனச்சுத்தான் இத்தன வருசம் மனச ஆத்திக்கிட்டு இருந்தேன்."

நான் அழுதேன். அவளும் அழுதாளா என்று தெரியவில்லை, மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"கதவுக்காரன் என்ன சொன்னான்? தமிழ்ல சொல்லு."

திரையில் இருந்ததை வாசித்தேன். "இத்தன பேரு வந்தாவ. ஒருத்தரும் எங்கிட்டப் பேசல. நீ கேட்டுட்டல்லா, உள்ள போ தாயி."

மதினி அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

"மறுக்கா வாசி" என்றாள்.