வில்ஃபின் தாத்தாவுக்கு ஒரு ஜெபம்

செப்டம்பர் மாதத்து ஒரு திங்கட்கிழமை காலை. பிள்ளைகள் மழையில் நனைந்த கோட்டுகளைக் கழற்றி ஆணிகளில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். வில்ஃப் தன் கோட்டைத் தரையில் போட்டுவிட்டு, "மிஸ், எங்க தாத்தா செத்துப்போயிட்டாரு" என்றான்.

மாரியன் ப்ரீஸ் குனிந்து யாருடைய ரப்பர் பூட்ஸையோ இழுத்துக்கொண்டிருந்தாள். இழுத்த கை அப்படியே நின்றது.

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷர் மலையடிவாரத்தில் இருந்த அந்தக் கிராமத்துத் தொடக்கப்பள்ளியில், நாலு வயதுக் குழந்தைகள் வந்து சேரும் ரிசப்ஷன் வகுப்புக்கு அவள்தான் உதவி ஆசிரியை. மூக்கைத் துடைத்துவிடுவது, விழுந்த பல்லை உறையில் போட்டுக் கொடுத்தனுப்புவது, அம்மாவின் கோட்டைப் பிடித்த பிடி விடாத விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுப்பது எல்லாம் அவளுக்குக் கைவந்த வேலை. சாவு மட்டும் இன்னும் கைவரவில்லை. மார்ச் மாதத்தில் அவள் கணவன் டெரெக் இறந்துபோனான். விடுப்பு முடிந்து அவள் திரும்பி வந்த அன்று ஆசிரியர் அறையில் பேச்சு அடங்கியது. யாரோ டீ போட்டுக் கொடுத்தார்கள். யாரோ பிஸ்கட் டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினார்கள். டெரெக்கின் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை. அது மரியாதையா, பயமா என்று அவளுக்கு இன்னும் விளங்கவில்லை.

"எப்பப்பா?" என்று கேட்டாள்.

"நேத்து. அவரு விழுந்து கெடந்தத நான்தான் மொதல்ல பாத்தேன். நாக்கு வெளிய வந்திருந்துச்சு."

மாரியன் அவனை அணைத்துக்கொண்டாள். அவன் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொண்டு, பிறகு நெளிந்தான். "மிஸ், நான் மண்ணுத் தொட்டிக்குப் போகட்டா?"

தலைமையாசிரியர் கேரத்திடம் சொன்னபோது அவர் குரலைத் தாழ்த்தினார். "புதுசா குடிவந்த குடும்பம். நாமளா எதுவும் துருவிக் கேக்க வேணாம் மாரியன். பையன் பேசினா கேட்டுக்குங்க, போதும்."

பையன் பேசினான். மேப்பிள் இலையின் மேல் தாளை வைத்து மெழுகு வண்ணம் தேய்த்துக்கொண்டே, "தாத்தா எங்கம்மாவோட தொப்பியத் தின்னுட்டாரு" என்றான். பாவம், கடைசிக் காலத்தில் புத்தி பேதலித்துப் போயிருக்கிறது என்று மாரியன் நினைத்துக்கொண்டாள். மரத்தடியில் உதிர்ந்து கிடந்த கஷ்கொட்டை விதைகளைக் கயிற்றில் கோத்து ஒன்றோடொன்று மோதி உடைக்கும் ஆட்டம் நடந்தபோது, "இப்படித்தான் தாத்தா தபால்காரர முட்டுனாரு" என்றான். அதையும் அவள் அந்தக் கணக்கிலேயே சேர்த்தாள். ஒரு வெள்ளிக்கிழமை கைகழுவும் தொட்டியருகே அவன் சொன்னதுதான் அவளைத் தூக்கிவாரிப் போட்டது.

"ராத்திரி தாத்தாவக் கொட்டாய்ல கட்டிப்போடுவோம் மிஸ். இல்லன்னா ரோட்டுக்கு ஓடிருவாரு."

அவள் போய்ச் சொன்னதும் கேரத் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "கட்டிப்போட்டாங்களா?"

"கட்டிப்போடுவோம்னுதான் சொன்னான்."

"குழந்தைக்குக் கொடுமை நடந்தா யாருக்குச் சொல்லணும்னு தெரியும். செத்துப்போன பெரியவருக்கு நடந்திருந்தா..." அவர் கண்ணாடியைத் துடைத்தார். "நீங்க வாசல்ல பையனோட அம்மாகிட்ட மெதுவாப் பேசிப் பாருங்களேன்."

வில்ஃபின் அம்மா தாம்சின் சேறு படிந்த பூட்ஸோடு வாசற்கதவருகே நின்றிருந்தாள். ஊருக்கு வெளியே சின்னப் பண்ணை ஒன்றை வாங்கி வந்தவர்கள்.

"வில்ஃப் சொன்னான், தாத்தாவப் பத்தி. ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு" என்றாள் மாரியன்.

தாம்சினின் கண் கலங்கியது. "உங்ககிட்டயும் சொன்னானா? வயசாயிருச்சு, என்ன பண்றது. கடைசியில வாயில ஒண்ணும் வெக்கல. டாக்டர் வந்து ஊசி போட்டுட்டாரு."

"ஊசியா?"

"வேற வழியில்லன்னாரு. ஆப்பிள் மரத்தடியில பொதைச்சோம். வில்ஃப்தான் மொத மண்ணு போட்டான்."

"வீட்டுத் தோட்டத்துலயா?"

"வேற எங்க?" என்று தாம்சின் வியப்பாகப் பார்த்தாள். "நல்லா திட்டு வாங்குனவருதான். ஆனா இப்ப முற்றமே வெறிச்சுனு கெடக்குது."

மாரியன் ஒன்றும் புரியாமல் வீட்டுக்கு நடந்தாள். போலீசுக்குச் சொல்ல வேண்டிய விஷயமா இது? ஆனால் அந்தப் பெண்ணின் கண்ணில் வந்தது நிஜக் கண்ணீர். டெரெக்கின் சாம்பல் எங்கே கரைப்பதென்று முடிவாகாமல் அலமாரியில் துணிகளுக்கு நடுவே இருந்தது. இவர்கள் இத்தனை சுலபமாக ஒரு மரத்தடியைப் பார்த்துவிட்டார்களே என்று பயத்தோடு பொறாமையும் வந்தது.

அடுத்த வாரம் வில்ஃப் அவளிடம் கேட்டான். "உங்க வீட்ல யாராச்சும் செத்திருக்காங்களா மிஸ்?"

"ம். டெரெக். எங்க வீட்டுக்காரரு."

"முட்டுவாரா?"

"இல்ல. குறட்டை விடுவாரு."

"எங்க தாத்தாவும்தான்" என்று சொல்லிவிட்டு அவன் ஓடினான். பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை என்பது அப்புறம்தான் மாரியனுக்கு உறைத்தது.

அக்டோபரில், விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை வந்தது. பள்ளிக்கூடமே வரிசையாகக் கைகோத்துக் கோயிலுக்குப் போனது. பூசணிக்காய்கள், பீன்ஸ் டின்கள், கோதுமைக் கட்டு போலச் சுட்ட பெரிய ரொட்டி எல்லாம் பீடத்தின் முன்னால் குவிந்தன. தாம்சின் இரண்டு முதியவர்களோடு வந்து மாரியனுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்தாள்.

"இவரு எங்கப்பா ரெஜ். அவரு எங்க மாமனார்."

மாரியன் இருவருக்கும் கை கொடுத்தாள். கை கொடுத்த பிறகுதான் கணக்கு இடித்தது. அம்மாவின் அப்பா இதோ இருக்கிறார், அப்பாவின் அப்பா இதோ இருக்கிறார். அப்படியானால் ஆப்பிள் மரத்தடியில் இருப்பது யார்? பொறுங்கள் என்று அவள் கேரத்தைப் பார்த்துக் கையசைத்தாள். அவர் பாடலை ஆரம்பிக்கச் சொல்கிறாள் என்று நினைத்து ஆர்கன் வாசிப்பவருக்குத் தலையாட்டினார்.

பாட்டு முடிந்ததும் கோயிலின் போதகரான ஆயரம்மா கைகளை விரித்தார். கேரத் அவரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தார். "நம்மிடையே துக்கத்தில் இருக்கும் ஒரு குடும்பத்தை நினைப்போம். சிறுவன் வில்ஃபின் அன்புத் தாத்தாவை ஆண்டவர் தம்முடைய இளைப்பாறுதலில் சேர்த்துக்கொள்வாராக."

எல்லாத் தலைகளும் குனிந்தன. பின்வரிசையில் ரெஜ் தன் சம்பந்தியிடம், "உன்னையா சொல்றாங்க, என்னையா?" என்று கேட்டது தெளிவாகக் கேட்டது.

வில்ஃப் பெஞ்சின் மேல் ஏறி நின்றான். "இவங்க இல்ல. கொம்பு வெச்ச தாத்தா."

"ஐயோ," என்றாள் தாம்சின். "எங்க ஆட்டுக்கிடா அது. தாடி இருந்துச்சேன்னு தாத்தான்னு பேர் வெச்சோம்."

முதலில் சிரித்தவர் ரெஜ்தான். பிறகு கோயிலே சிரித்தது. ஆயரம்மா ஆமென் சொல்வதா வேண்டாமா என்று தடுமாறி, கடைசியில் சொல்லிவிட்டார். மாரியனும் சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று தெரியவில்லை, நிறுத்தவும் முடியவில்லை. எழுந்து வெளியே போய்க் கல்லறைத் தோட்டத்துச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

தாம்சின் பின்னாலேயே வந்தாள். "நான் ஆட்டப் பத்தித்தான் நீங்க கேக்கறீங்கன்னு நெனச்சேன். ஊசின்னு சொன்னப்ப நீங்க பாத்த பார்வை இப்பத்தான் புரியுது."

"உங்களப் போலீஸ்ல சொல்லணுமான்னு யோசிச்சுட்டு இருந்தேன்" என்றாள் மாரியன், மூக்கைத் துடைத்துக்கொண்டே. பிறகு சொன்னாள்: "மார்ச்சுல எங்க வீட்டுக்காரரு போயிட்டாரு."

"எங்கிட்ட யாருமே சொல்லலையே."

"இங்க யாரும் சொல்ல மாட்டாங்க."

ஓர் ஆட்டுக்காக ஊரே தலை குனிந்தது அவளுக்கு ஆறுதலாக இருந்ததா, கோபமாக இருந்ததா? இரண்டுமாகத்தான் இருந்தது. திங்கட்கிழமை கேரத் ஆசிரியர் அறையில் அவள் பக்கத்தில் வந்து நின்று, டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தார். கடைசியில், "நம்ம பின்பக்க வேலி டெரெக் போட்டதுதானே?" என்றார்.

"ஆமா. கோணலா இருக்கும்."

"கோணல்தான்" என்றார் அவர். இருவரும் ஜன்னல் வழியே அந்த வேலியைப் பார்த்தபடி டீ குடித்தார்கள்.

அக்டோபர் கடைசியில் வந்த ஒரு வார அரைப்பருவ விடுமுறையில் தாம்சின் அவளை ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள். போவதா வேண்டாமா என்று கடைசிவரை இழுபறியாக இருந்து, மாரியன் ஓர் ஆப்பிள் கேக்கோடு போய்க் கதவைத் தட்டினாள். ரெஜ் கையில் பாதி சீவிய உருளைக்கிழங்கோடு கதவைத் திறந்தார். அடுப்பில் ஒன்றும் இல்லை. அன்று விடியற்காலையில் குளிர்காலத்துக்காக நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்திருந்தார்கள். அவள் வீட்டில் அந்த வேலையை எப்போதும் டெரெக்தான் செய்வான்; இந்த முறை கடிகாரம் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

"ஒரு மணி நேரம் முன்னாடியே வந்துட்டீங்கம்மா" என்றார் ரெஜ்.

"திரும்பிப் போயிட்டு வரட்டுமா?"

"எதுக்கு? இன்னொரு கத்தி இருக்கு, உள்ள வாங்க."