அக்காவின் எண்ணெயும் என் கையும்

என் அக்கா யாரைப் பார்த்தாலும் முதலில் கையைப் பிடிப்பாள். பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். மணிக்கட்டைத் திருப்பி, பையிலிருக்கும் சின்னப் புட்டியிலிருந்து ஒரு சொட்டு விட்டுத் தேய்த்து, "பிசுபிசுங்குதா? சீக்கிரம் உள்ள இறங்குதா?" என்று கேட்பாள். ஸ்பாக்களுக்கு எண்ணெயும் கிரீமும் தயாரிக்கும் சின்னக் கம்பெனி ஒன்றில் புதுச் சரக்கு உருவாக்குவது அவள் வேலை. மாமா சொல்லுவார்: "உங்கக்கா என்னைக் கட்டிக்கிட்டதே என் முதுகைப் பாத்துத்தான். தேய்ச்சுப் பாக்க எவ்ளோ இடம் இருக்கு!"

அவள் செய்த பல கிரீம்கள் அலமாரியிலேயே தூங்கின. ஒன்று வெயிலில் தண்ணீர் பிரிந்தது. இன்னொன்றில் ஆஸ்பத்திரி வாடை. முதலாளி முகம் கொடுத்தே பேச மாட்டார். அப்புறம் வந்தது அந்த எலுமிச்சை வாசனை மசாஜ் எண்ணெய். சக்கைப்போடு போட்டது! மசாஜ் முடிந்து எழுந்தவர்கள் வாசலில் ஒரு புட்டி வாங்காமல் போகவில்லை. முதலாளி அவளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார். அக்கா நிமிர்ந்து நடக்க ஆரம்பித்தாள்.

நான் அப்படி ஒரு ஸ்பாவில்தான் மசாஜ் செய்கிறேன். அந்த எண்ணெய் வந்த கொஞ்ச நாளில் என் விரலிடுக்குகள் சிவந்தன, பிறகு வெடித்தன. சோப்புத் தண்ணீர் பட்டால் உயிர் போகும். தோல் டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, இந்த வாசனை உனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, விட்டுவிடு என்றார். எதை விடுவது? எண்ணெயைத் தொடாவிட்டால் என் வேலை போகும். அக்காவிடம் சொன்னால் அவள் பெயர் போகும். வாய் ஓயாத நான் வாயை மூடிக்கொண்டேன்.

அவள் வீட்டுக்குப் போனால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் பொறுக்கவில்லை.

"என்னடி, என் சரக்கு வித்ததும் பொறாமையா?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "ஆமா, பொறாமைதான்! இந்தா, தேயி!" என்று கையை நீட்டினேன்.

அக்கா புட்டியைத் திறக்கவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்த்தாள்.

"எப்பலேர்ந்து?"

"உன் எண்ணெய் வந்ததிலேர்ந்து."

"கூட வேலை செய்யறவங்களுக்கு?"

"சிலருக்கு இருக்கு. வெளிய சொல்லப் பயம்."

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பரிசோதனைக்கு வந்தவர்கள் காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் தடவிப் பார்த்தவர்கள்தான். நாள் முழுக்க அதிலேயே ஊறுகிற கை ஒன்றுகூட அதில் இல்லை. "தடவிக்கிறவங்களைக் கேட்டேன். தடவி விடறவங்களைக் கேக்கத் தோணலையே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

மறுநாளே முதலாளியிடம் போய் வாசனையை எடுக்க வேண்டும் என்றாள்.

"வாசனைதாம்மா விக்குது. எண்ணெய் யாருக்கு வேணும்?" என்றார் அவர்.

அக்கா கரடியாகக் கத்தி, எங்கள் ஸ்பாவுக்கு மட்டும் வாசனையில்லாத எண்ணெய் அனுப்பச் சம்மதம் வாங்கினாள். அது விற்காவிட்டால் வேறு வேலை தேடிக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

விற்கவில்லை. முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டுப் போனார்கள். அக்கா தினமும் ஃபோன் செய்வாள். வியாபாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. "கை எப்படிடி இருக்கு?" அவ்வளவுதான். கை மெல்ல ஆறி வந்தது. நானோ அலமாரியில் விற்காமல் நின்ற புட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் மசாஜ் முடிந்து எழுந்த ஓர் அம்மா என் கையைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தார். "நாள் பூரா இதே வேலை. கை எப்படி இவ்ளோ மெத்துனு இருக்கு? என்ன போடற?"

"தனியா ஒண்ணும் போடறதில்லைங்க. உங்களுக்குத் தேய்ச்ச அதே எண்ணெய்தான்."

போகும்போது அவர் ஒன்று வாங்கினார், தன் தங்கைக்கு இன்னொன்று. அட, இவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு. அன்றிலிருந்து நாங்கள் எல்லாரும் மசாஜுக்கு வந்தவர்களிடம் சும்மா கையை நீட்டிக் காட்டினோம். மற்ற ஸ்பாக்களும் இதையே கேட்க ஆரம்பித்தன. எல்லாம் தன் யோசனை என்று முதலாளி சொல்லித் திரிகிறார். திரியட்டும்.

அலமாரி காலியான அன்று அக்கா வீட்டுக்கு ஓடினேன்.

"அக்கா, எல்லாம் தீந்துபோச்சு! ஒரு புட்டிகூட மிச்சமில்ல!"

அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவேயில்லை. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "முதல்ல கையைக் காட்டு" என்றாள்.