பெரிய அதிகாரி பரிமாறிய சோறு

டெல்லியில் துப்பறியும் இலாகாவுக்கே தலைவர் அவர். நம் பக்கத்துக்காரர், ஒல்லியான உடம்பு. யாரிடம் பேசினாலும் முகத்தைப் பார்க்குமுன் கைகளைப் பார்ப்பார். எழுபதுகளில் ஒரு கிருத்திகைக்குத் திருத்தணி மலைக்கு வந்தார். படிக்கட்டுப் பிச்சைக்காரர்களுக்குத் தன் கையால் சோறு போடுவதாக வேண்டுதல்.

உள்ளூர் இன்ஸ்பெக்டருக்கு இந்த வேண்டுதல் தெரியாது. பாதுகாப்பு என்று சொல்லி, முந்தின நாளே பிச்சைக்காரர்களை லாரியில் ஏற்றி ஆந்திர எல்லைக்கு அப்பால் இறக்கிவிட்டிருந்தார். விஷயம் தெரிந்ததும், டீக்கடையில் நின்றிருந்த தறிக்காரர்களான எங்களைப் பிடித்து வந்து, சட்டையைக் கழற்றச் சொல்லி, இலை போட்டு உட்கார வைத்தார்.

அதிகாரி குனிந்து பரிமாறிக்கொண்டே வந்தார். என் இலைக்கு முன்னால் நின்றார். சாயம் ஏறிய என் விரல்களைப் பார்த்தார்.

"நெசவா?"

"ஆங், சார்."

அதிகாரி வரிசை முழுக்க ஒருமுறை பார்த்தார். எல்லாக் கைகளிலும் சாயம்.

"சாப்பிடுங்க" என்று இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.

மூன்றாம் நாள், படிக்கட்டில் பிச்சை எடுக்கும் குருட்டுக் கிழவர் பள்ளிப்பட்டு வழியாக நடந்தே திரும்பி வந்தார். பாதம் வீங்கியிருந்தது.

"யாரோ பெரியவரு சோறு போட்டாராமே நைனா. நல்லா இருந்துச்சா?"

துப்புத் துலக்குவதில் அந்த அதிகாரியை மிஞ்ச ஆளில்லை என்று பேப்பரில் எழுதுவார்கள். உண்மைதான். என் விரலைப் பார்த்த நொடியிலேயே கண்டுபிடித்துவிட்டார். பிறகு சாம்பார் வாளியைக் கையில் வாங்கிக்கொண்டு அடுத்த இலைக்குப் போனார்.