நாலில் ஒன்று சின்னது

ஜெயமேரிக்கும் அவள் நாத்தனார் ரீட்டா டீச்சருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது என்று யாராவது சொன்னால் அது பொய். பேச்சுவார்த்தை தினமும் மாலை ஐந்து மணிக்கு நடந்தது. அதுதான் சிக்கலே.

ஜெயமேரியின் மகள் ஆன் மேரிக்குப் பதினோரு வயது. ஆட்டிசம் என்று புதுச்சேரி டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதம் பீரோவில் இருக்கிறது. ரீட்டா வேலை பார்க்கும் பள்ளியில் அவளுக்கு ஆறாம் வகுப்பில் இடம் வேண்டும். வேறு இரண்டு பள்ளிகள் இனிமையாகப் பேசி அனுப்பிவிட்டன. அரசுப் பள்ளியில் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் அங்கே வகுப்புக்கு அறுபது பேர், அந்த இரைச்சலில் ஆன் மேரி காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கடியில் போய்விடுவாள். நுழைவுத் தேர்வு வைக்கக் கூடாது என்பது சட்டம். ரீட்டாவின் பள்ளி சட்டத்தை மதிப்பது. ஆகவே தேர்வுக்குக் ‘கலந்துரையாடல்’ என்று பெயர் வைத்திருந்தது. கலந்துரையாடலில் பின்னக் கணக்கு கேட்பார்கள்.

“நான் சொல்லித் தரேன். எத்தன மக்குங்களத் தேத்தியிருக்கேன்” என்று ரீட்டா தானாகவே வந்தாள். ஜெயமேரிக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் துடித்தது. இடம் தேவைப்பட்டது.

முதல் நாள் ரீட்டா ஒரு பன்னைக் கத்தியால் இரண்டாக்கினாள். “இது என்ன? அரை. சொல்லு, அரை.”

ஆன் மேரி இரண்டு துண்டையும் எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டாள். “ரிஜெக்ட்டு” என்றாள்.

மறுநாள் ஆப்பிள். அதற்கும் அதே கதி. மூன்றாம் நாள் சப்பாத்தியைக் கிழித்தபோது, பிள்ளை ரீட்டாவின் மணிக்கட்டைக் கடித்துவிட்டாள்.

“பூனைக்குட்டிகூடச் சொன்னா கேக்குது. இத என்னம்மா வளத்து வெச்சிருக்க?”

“இதுன்னு சொல்லாதீங்க அண்ணி. அவளுக்குப் பேரு இருக்குது. நீங்க வெச்ச பேருதான்.”

பிள்ளை மேல் தப்பில்லை. ஜெயமேரி வேலை செய்வது தங்கதுரையின் பீங்கான் பட்டறையில். அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளில், அச்சுத் துண்டுகள் சேர்ந்த இடத்தில் நிற்கும் வரியைச் சுரண்டுவது அவள் வேலை. ஸ்கூல் விட்டதும் ஆன் மேரி அங்கேதான் உட்கார்ந்திருப்பாள். பட்டறையில் விரிசல் விட்டது எல்லாம் ரிஜெக்ட்டு. அரை யானை என்று ஒரு சரக்கு அங்கே கிடையாது. முழுசாக இருந்ததை உடைத்துவிட்டு, உடைத்ததற்குப் பேரும் வைக்கிற அத்தையைப் பற்றி அவள் என்ன நினைத்திருப்பாள்?

இது புரிந்ததும் ஜெயமேரி பட்டறையிலிருந்து ஒரு பழைய யானை அச்சைக் கேட்டு வாங்கிவந்தாள். பிளாஸ்டரில் செய்தது, நாலு துண்டு. சேர்த்தால் ஒன்று, பிரித்தால் நாலு, எதுவும் உடையவில்லை. ஆன் மேரி ஒரு மணி நேரம் பிரித்துச் சேர்த்தாள். ஜெயமேரி அடித்துண்டைத் தொட்டு, “இது நாலுல ஒண்ணு” என்றாள்.

“இல்ல. சின்னது.”

“சின்னதா இருந்தா என்னடி? நாலு இருக்குது, அதுல ஒண்ணு. சொல்லித் தொலையேன்!” முதுகில் ஒன்று வைத்தாள். ஆன் மேரி அழவில்லை. அடித்துண்டை மட்டும் தூரமாகத் தள்ளி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

சோறு வடிக்கும்போதுதான் ஜெயமேரிக்கு உறைத்தது. துண்டுகள் சமமாக இருக்க வேண்டும். பாடப் புத்தகத்தின் முதல் வரியே அதுதான். பன் வெட்டிய டீச்சர் அதைச் சொல்லவே இல்லை. அடி வாங்கியவள் சொல்லியிருக்கிறாள்.

மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. மறுநாள் பட்டறையில் டீ நேரத்தில், வட்டமான பிஸ்கட் டின் மூடியில் தகரப் பட்டை வைத்து நாலாகத் தடுத்து, பிளாஸ்டர் கரைத்து ஊற்றினாள். வெட்டவே வேண்டாம், பிறக்கும்போதே தனித்தனி.

“என்னம்மா, கேக்கு போடறியா?” என்றார் தங்கதுரை.

“ஆமாங்க. என் நாத்தனாருக்கு. கடிச்சா பல்லு போவணும்.”

ஆன் மேரி நாலையும் பட்டறைத் தராசில் நிறுத்துப் பார்த்தாள். ஒன்று கூடுதல். சமமாகும்வரை அம்மாவைச் சுரண்ட வைத்தாள். அதற்குப் பிறகு அரை, கால், முக்கால் எல்லாம் பத்து நாளில் வந்தது.

கலந்துரையாடலில் தலைமையாசிரியை சிஸ்டர் நடுவில் இருந்தார். கேள்வி கேட்டது ரீட்டா. காகிதத்தில் கையாலேயே ஒரு வட்டம் இழுத்து, குறுக்கே இரண்டு கோடு போட்டு, மூன்று பங்கைக் கிறுக்கி, “எவ்வளவு?” என்றாள்.

“தப்பு” என்றாள் ஆன் மேரி. “சமமா இல்ல.”

“சமம்னு நெனச்சுக்கணும்.”

“இல்ல.”

“பாத்தீங்களா சிஸ்டர்? ஒத்துழைப்பே கெடையாது. நான் மொதல்லயே சொன்னேன்.”

பெற்றோர் வாயைத் திறக்கக் கூடாது என்று கதவிலேயே எழுதி ஒட்டியிருந்தது. ஜெயமேரி அதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தாள். “கோணலா போட்டுட்டு நேருன்னு நெனைக்கச் சொல்றீங்களே அண்ணி! எங்க பட்டறையில இப்படிப் போட்டா வேலைய வுட்டு நிறுத்திடுவாங்க.”

சிஸ்டர் ஒரு ஸ்கேலை ரீட்டா பக்கம் நகர்த்தினார். ரீட்டா சதுரம் போட்டு, நாலாக்கி, மூன்றைக் கிறுக்கினாள். ஆன் மேரி குனிந்து பார்த்துத் தலையாட்டி மறுத்தாள். சிஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தானே அளந்தார். “ரெண்டு மில்லி கூட இருக்குது டீச்சர்.”

ரீட்டாவின் காது சிவந்தது. இன்னொன்று போட்டாள்.

“நாலுல மூணு” என்றாள் ஆன் மேரி. “முக்கால்.”

“இதையே எட்டாப் பிரிச்சா?” என்று கேட்டார் சிஸ்டர்.  எட்டாக அவளுக்கு யாரும் வார்த்துக் காட்டவில்லை. சிஸ்டர் பதில் வராத கேள்வியைத் தான் கேட்டதாகவே காட்டிக்கொள்ளாமல் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வராந்தாவில் ரீட்டா பின்னாலேயே வந்தாள்.

“ஆறாங் கிளாஸுக்குக் கணக்கு யாருன்னு தெரியுமில்ல? வருஷம் பூரா என் கையிலதான்.”

“தெரியும் அண்ணி. நீங்களும் வருஷம் பூரா அவ கண்ணு முன்னாடிதான்.”

ரீட்டா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மணி அடித்தது. ஆன் மேரி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு வாசலை நோக்கி ஓடினாள். ஜெயமேரி செருப்பைக்கூட மாட்டாமல் பின்னால் ஓடினாள்.